மனுவுருவாதல்: தொடக்கக் கிறித்தவத்தில் ஒரு நம்பிக்கையின் வரலாறு

மனுவுருவாதல் என்பது, கடவுளின் என்றுமுள்ள வாக்காகிய இறைமகன் நாசரேத்து இயேசுவாக உண்மையான மனிதப் பிறப்பு எடுத்தார் என்னும் கிறித்தவ நம்பிக்கை. அவர் மனிதத் தோற்றம் ஒன்றைச் சிறிது காலம் பூண்டு பின்னர் களைந்துவிடவில்லை. பிறந்து, வளர்ந்து, பசித்து, அழுது, இறந்து, உயிர்த்தெழுந்த பின்னும் மனிதராகவே இருக்கிறார் என்பது அதன் உள்ளடக்கம். கி.பி. 50களில் எழுதப்பட்ட பவுலின் திருமுகங்களிலேயே இந்த நம்பிக்கையின் தடங்கள் உண்டு. ஆனால் அதைத் துல்லியமாகச் சொல்வதற்கான மொழி 451இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம் வரை நான்கு நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது.

இந்த நான்கு நூற்றாண்டு விவாதங்கள் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சொற்போராகவே தெரியும். அவற்றில் ஈடுபட்டவர்களுக்கோ அது வாழ்வா சாவா என்ற கேள்வி. மனிதரை மீட்பவர் யாராக இருக்க வேண்டும்? கடவுள் அல்லாத ஒருவர் மீட்பளிக்க முடியாது; மனிதராகாத ஒருவர் மனிதரின் நோயைத் தீர்க்க முடியாது. இந்த இரண்டையும் எதையும் விட்டுக்கொடுக்காமல் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற உறுதிதான் தொடக்கக் கிறித்தவச் சிந்தனை முழுவதையும் நடத்திச் சென்றது.

யூதப் பின்புலம்

இயேசுவின் முதல் சீடர்கள் யூதர்கள். கடவுள் ஒருவரே என்று நாள்தோறும் அறிக்கையிட்டு வளர்ந்தவர்கள். படைத்தவரையும் படைப்பையும் ஒன்றாக்குவதைப் பெரும் பாவமாகக் கருதியவர்கள். கிரேக்க உலகில் தேவர்கள் மனித வேடத்தில் ஊர் வருவது பழகிப்போன கதை. லிஸ்திரா நகர மக்கள் பர்னபாவைச் சேயுசு என்றும் பவுலை எர்மசு என்றும் எண்ணிப் பலியிட வந்தபோது, அவ்விருவரும் தங்கள் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு தடுத்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. இத்தகைய மனநிலை கொண்டவர்களிடையேதான், சிலுவையில் இறந்த ஒருவரைக் கடவுளுக்குரிய பெயரால் அழைக்கும் வழக்கம் தோன்றியது.

அதற்கு இடமளித்த கருத்துகளும் யூத மரபுக்குள்ளேயே இருந்தன. நீதிமொழிகள் நூலின் 8ஆம் அதிகாரத்தில், உலகம் உண்டாகும் முன்னரே ஞானம் கடவுளின் அருகில் இருந்ததாக உருவகிக்கப்படுகிறது. சீராக்கின் ஞானம் நூலின் 24ஆம் அதிகாரம், அந்த ஞானம் இஸ்ரயேல் மக்களிடையே வந்து தங்கியதாகப் பாடுகிறது. இயேசுவின் காலத்தில் வாழ்ந்த அலெக்சாந்திரியாவின் யூத மெய்யியலர் பிலோ, கடவுளுக்கும் உலகுக்கும் இடையே நிற்கும் வாக்கு பற்றி விரிவாக எழுதினார். எனினும் அந்த வாக்கு ஒரு குறிப்பிட்ட மனிதராக, ஒரு குறிப்பிட்ட ஊரில் பிறந்தது என்று பிலோ எண்ணியதே இல்லை. கிறித்தவர்கள் எடுத்துவைத்த புதிய அடி அதுதான்.

புதிய ஏற்பாட்டுச் சான்றுகள்

புதிய ஏற்பாட்டு நூல்கள் இந்த நம்பிக்கையை ஒரே குரலில் சொல்வதில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் தொடக்கத்தில், இயேசு ஊனியல்பில் தாவீதின் மரபினர் என்றும் உயிர்த்தெழுதலால் இறைமகனாக நிலைநாட்டப்பட்டவர் என்றும் பவுல் குறிப்பிடுகிறார். பிலிப்பியர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் உள்ள பகுதியோ வேறொரு கோணத்தில் செல்கிறது. இறைநிலையில் இருந்தவர் தம் மேன்மையை விட்டிறங்கி அடிமையைப் போலாகிச் சிலுவைச் சாவை ஏற்றார், அதனால் கடவுள் அவரை எல்லாருக்கும் மேலாக உயர்த்தினார் என்பது அதன் சாரம். பவுலுக்கு முன்பே வழிபாட்டில் பாடப்பட்ட பாடல் இது என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அப்படியானால், இயேசு இறந்த இருபது முப்பது ஆண்டுகளுக்குள் அவரது முன்னிருப்பு பற்றிய நம்பிக்கை பாட்டு வடிவம் பெற்றுவிட்டது என்றாகிறது.

நற்செய்தியாளர்கள் நால்வரும் நான்கு வாயில்களில் தொடங்குகிறார்கள். மாற்கு யோர்தான் ஆற்றில் இயேசு பெற்ற திருமுழுக்கில் தொடங்குகிறார். மத்தேயுவும் லூக்காவும் கன்னி மரியாவிடம் அவர் பிறந்ததை விவரிக்கிறார்கள். யோவான் காலத்துக்கு அப்பால் சென்று, தொடக்கத்திலேயே கடவுளோடிருந்த வாக்கைக் காட்டி, அந்த வாக்கு ஊனுடல் எடுத்து மனிதரிடையே குடிகொண்டதை அறிவிக்கிறார். பின்வந்த நூற்றாண்டுகளின் சிந்தனைக்கு அந்த முன்னுரையே ஊற்றாயிற்று. கொலோசையர் திருமுகம் கட்புலனாகாத கடவுளின் சாயலாகக் கிறித்துவைக் காட்டுகிறது. எபிரேயர் திருமுகம் அவர் மனிதரின் இரத்தத்திலும் சதையிலும் பங்குகொண்டதையும், சோதனைகளில் துன்புற்றதையும் வலியுறுத்துகிறது. யோவானின் முதல் திருமுகம், இயேசு ஊனுடலில் வந்தார் என ஏற்பதையே உண்மையான போதனைக்கு உரைகல்லாக வைக்கிறது. அவ்வளவு தொடக்கத்திலேயே அதை மறுத்தவர்களும் இருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

கிறித்தவத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு சான்று உண்டு. பித்தினியா மாநில ஆளுநர் இளைய பிளினி, கி.பி. 112 அளவில் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறித்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறித்துவைக் கடவுளாகக் கருதிப் பாடுவதாகத் தெரிவிக்கிறார். கோட்பாடு வகுக்கப்படும் முன்பே வழிபாடு நடந்துகொண்டிருந்தது. மக்கள் ஏற்கெனவே யாரைத் தொழுதார்களோ, அவர் யார் என்று விளக்கும் பணியையே பின்வந்த அறிஞர்கள் மேற்கொண்டனர்.

இரண்டாம் நூற்றாண்டின் மறுப்புகள்

மறுப்புகள் எதிரெதிர் திசைகளிலிருந்து வந்தன. எபியோனியர் எனப்பட்ட யூதக் கிறித்தவர்கள், இயேசு யோசேப்புக்கும் மரியாவுக்கும் பிறந்த தூய மனிதர், இறைவாக்கினர் என்று ஏற்றனர். இறைத்தன்மை கொண்டவர் என்பதை ஏற்கவில்லை. பைசாந்தியத்திலிருந்து உரோமுக்கு வந்த தோல் தொழிலாளி தியொதோத்தும் இதற்கு நெருங்கிய கருத்தைப் போதித்தார். அவரை ஆயர் விக்டர் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சபையிலிருந்து விலக்கினார். நல்ல மனிதரான இயேசுவைக் கடவுள் மகனாக ஏற்றுக்கொண்டார் என்னும் இவ்வகைப் போதனை தத்துக்கொள்கை எனப்படுகிறது.

மறுதிசையில் தோற்றக் கொள்கை நின்றது. பருப்பொருள் இழிவானது, அழிவது. எனவே இறைவன் உண்மையான உடல் எடுத்திருக்க முடியாது, இயேசுவின் உடலும் துன்பமும் வெறும் தோற்றமே என்றனர் அதன் ஆதரவாளர்கள். கருங்கடற்கரைச் சினோப்பு நகரத்தவரான மார்சியோன் 144இல் உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்தார். உலகைப் படைத்த கடவுள் வேறு, இயேசு வெளிப்படுத்திய அன்புக் கடவுள் வேறு என்பது அவர் போதனை. அவருடைய கிறித்துவுக்குப் பிறப்பும் இல்லை, குழந்தைப் பருவமும் இல்லை. பேரரசர் திபேரியுவின் 15ஆம் ஆட்சியாண்டில் வளர்ந்த ஆளாகவே கப்பர்நாகூமில் வந்திறங்குகிறார்.

உடலை மறுக்கும் இந்தப் போக்கை முதலில் கடுமையாக எதிர்த்தவர் அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியார். திராயான் ஆட்சிக் காலத்தில், கொடிய விலங்குகளுக்கு இரையாக்கப்படுவதற்காகப் படைவீரர் காவலில் உரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழியில் அவர் ஏழு திருமுகங்கள் எழுதினார். கிறித்துவின் துன்பம் வெறும் தோற்றமானால் தாம் ஏன் விலங்கு பூண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். சாவை எதிர்நோக்கிச் செல்பவருக்கு இது வெறும் தருக்கம் அன்று. இயேசுவின் இரத்தம் உண்மையானால்தான் மறைசாட்சியின் இரத்தத்துக்கும் பொருள் உண்டு.

உரோமையில் திருமுழுக்குப் பெறுவோர் அறிக்கையிட்ட நம்பிக்கை வாய்பாட்டில் மரியாவின் பெயரும் போந்தியு பிலாத்துவின் பெயரும் இடம்பெற்றன. ஒரு தாயின் பெயரும் ஓர் ஆளுநரின் பெயரும் சேர்ந்து, நடந்தது ஒரு காலத்துக்கும் ஓர் இடத்துக்கும் உரிய நிகழ்வு என்பதை உறுதிசெய்தன.

யுஸ்தீன், இரனேயு, தெர்த்துல்லியன்

சமாரியாவின் பிளாவியா நெயாப்போலி நகரில் பிறந்த யுஸ்தீன், பல மெய்யியல் பள்ளிகளைக் கடந்து கிறித்தவரானவர். 165 அளவில் உரோமில் கொல்லப்பட்டார். இறைவாக்கின் விதைகள் எல்லா மனிதரின் அறிவிலும் தூவப்பட்டிருக்கின்றன என்றும், சாக்ரட்டீசு போன்றோர் அந்த வாக்கின் ஒரு பகுதியை அறிந்திருந்தனர் என்றும், இயேசுவிலோ முழு வாக்கும் மனிதரானது என்றும் அவர் எழுதினார். கிறித்தவம் தோன்றும் முன் வாழ்ந்த நல்லோரையும் தள்ளிவிடாத பரந்த பார்வை அது.

இந்த நூற்றாண்டின் மிக ஆழ்ந்த இறையியலர் இரனேயு. சிமிர்னாவில் இளமையில் ஆயர் பொலிக்கார்ப்பின் போதனையைக் கேட்டவர். பின்னர் கால் நாட்டின் லியோன் நகரில் ஆயரானார். 180 அளவில் அவர் எழுதிய ஐந்து பகுதிகள் கொண்ட ‘தப்பறைகளுக்கு எதிராக’ என்னும் நூல், மனித வரலாறு முழுவதையும் மனுவுருவாதலின் வழியே பார்க்கிறது. முதல் மனிதன் ஆதாம் கீழ்ப்படியாமல் இழந்ததைக் கிறித்து கீழ்ப்படிந்து மீட்டார்; ஏவாள் இட்ட முடிச்சை மரியா அவிழ்த்தார். கிறித்து குழந்தை, சிறுவர், இளைஞர் என்று ஒவ்வொரு பருவத்தையும் வாழ்ந்து அதனைத் தூய்மையாக்கினார். சிதறிக் கிடந்த மனிதகுலத்தை அவர் தம்மில் ஒன்றுசேர்த்து மீண்டும் தலைமை தாங்கினார். பருப்பொருளை இழிவெனக் கருதிய ஞானக் கொள்கையினர் வெறுத்த உடலையும் மண்ணையும் பற்றி இரனேயு நேசத்தோடு பேசுகிறார். படைத்த கைகளே மீட்கவும் வந்தன என்பது அவர் நூலின் அடித்தளம்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேச்சைச் சேர்ந்த தெர்த்துல்லியன் இலத்தீன் மொழியில் எழுதினார். மார்சியோன் அருவருத்த கருப்பையையும் பேறுகால வேதனையையும் குழந்தையைச் சுற்றிய துணியையும் அவர் ‘கிறித்துவின் ஊனுடல்’ என்னும் நூலில் மறைக்காமல் எடுத்துச் சொன்னார். மனிதரை நேசித்தவர் மனிதப் பிறப்பையும் நேசித்தே ஆக வேண்டும் என்பது அவர் முடிவு. தந்தையும் மகனும் ஒருவரே, பெயர்கள்தாம் வேறு என்று கற்பித்த பிராக்சேயாவுக்கு எதிராக எழுதிய நூலில், கிறித்து ஒரே ஆள், அவரில் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் கலந்துவிடாமல் இணைந்திருக்கின்றன என்று வரையறுத்தார். இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் கால்செதோனில் ஒலித்த மொழிக்கு இதுவே முன்னோடி.

ஓரிஜனும் மூன்றாம் நூற்றாண்டும்

178 அளவில் மெய்யியலர் செல்சு கிறித்தவத்தைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். கடவுள் இறங்கி வந்தால் அவர் மாறுகிறார்; மாறுவது நிறைவானதாக இருக்க முடியாது என்பது அவருடைய வலுவான மறுப்பு. 248 அளவில் அதற்கு விரிவாக மறுமொழி எழுதியவர் அலெக்சாந்திரியாவின் ஓரிஜன். கடவுள் இடம் பெயர்வதில்லை. அன்பினால் தாழ்கிறார், தாழ்ந்தும் தம் இயல்பில் குறைவதில்லை என்று அவர் விளக்கினார். வாக்குக்கும் உடலுக்கும் இடையே இயேசுவின் மனித ஆன்மா நிற்கிறது என்றும், நெருப்பில் கிடக்கும் இரும்பு முழுவதும் நெருப்பின் தன்மை பெறுவதுபோல அந்த ஆன்மா வாக்கோடு பிரியாமல் ஒன்றியது என்றும் அவர் கற்பித்தார். இயேசுவுக்கு மனித ஆன்மா உண்டு என்ற இந்தக் கருத்து அடுத்த நூற்றாண்டில் மிக முக்கியமானதாகும்.

அதே நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் ஆயர் சமோசாத்தா பவுல், இறைவாக்கு இயேசு என்னும் மனிதரில் தங்கியது என்று போதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 268இல் கூடிய ஆயர் மன்றத்தால் பதவி நீக்கப்பட்டார். இறைவன் ஒரு மனிதருக்குள் தங்குவதும் இறைவனே மனிதராவதும் ஒன்றல்ல என்ற தெளிவு இத்தகைய வழக்குகளின் வழியாகவே உருவாயிற்று.

ஆரியு, நைசியா, அத்தனாசியு

318 அளவில் அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியு, ஆயர் அலெக்சாந்தரோடு முரண்பட்டார். கடவுள் பிறவாதவர், பிறர் யாரோடும் தம் உள்பொருளைப் பகிராதவர். எனவே மகன் படைப்புகளுள் முதன்மையானவரே, அவர் இல்லாதிருந்த நிலையும் ஒன்று உண்டு என்றார் ஆரியு. நற்செய்திகளில் இயேசு பசித்ததும் கலங்கியதும் அழுததும் அவருக்குச் சான்றுகளாயின. இவ்வாறு துன்புறக்கூடியவர் மாறாத கடவுளாக இருக்க முடியாது என்பது அவர் வாதம்.

பேரரசர் கான்ஸ்டண்டைன் 325இல் நைசியாவில் ஆயர்களைக் கூட்டினார். மகன் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே உள்பொருள் உடையவர் என்று அந்தச் சங்கம் அறிக்கையிட்டது. லிபியாவைச் சேர்ந்த இரண்டு ஆயர்கள் கையெழுத்திட மறுத்து ஆரியுவோடு நாடு கடத்தப்பட்டனர். ஆனால் சண்டை ஓயவில்லை. பேரரசர்கள் மாறமாறத் திருச்சபையின் அதிகாரப்பூர்வ நிலையும் மாறியது. 381இல் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கமே நைசியாவின் நம்பிக்கையை நிலைநிறுத்தியது.

இடைப்பட்ட காலத்தில் அந்த நம்பிக்கையைத் தாங்கி நின்றவர் அத்தனாசியு. நைசியாவுக்குத் தம் ஆயருடன் திருத்தொண்டராகச் சென்றவர். 328இல் அலெக்சாந்திரியாவின் ஆயரானார். ஐந்து முறை நாடு கடத்தப்பட்டு, ஏறத்தாழ 17 ஆண்டுகளை இருக்கையிழந்து கழித்தார். அவர் எழுதிய ‘வாக்கு மனுவுருவானது பற்றி’ என்னும் சிறிய நூல் இப்பொருளில் இன்றும் தவிர்க்க முடியாதது. மனிதர் ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கப்பட்டவர்கள். வாழ்வின் ஊற்றான வாக்கை விட்டு விலகியதால் மீண்டும் ஒன்றுமில்லாமைக்கே சரிகின்றனர். தம் சாயலில் படைக்கப்பட்டவர்கள் அழிவதைக் கடவுள் பார்த்துக்கொண்டிருப்பது அவரது நன்மைக்குத் தகாது. மரப்பலகையில் தீட்டிய உருவம் அழுக்கேறி மங்கினால், ஓவியர் பலகையை எறிந்துவிடுவதில்லை. உருவத்துக்கு உரியவர் மீண்டும் வந்து அமர, அதே பலகையில் புதுப்பிக்கிறார். தந்தையின் சாயலான மகன் மனிதரிடையே வந்ததை அத்தனாசியு இவ்வாறு விளக்கினார். மனிதர் இறைவாழ்வில் பங்குபெறும்படி இறைவன் மனிதரானார் என்பது அந்நூலின் உச்சம். மகன் வெறும் படைப்பானால், மனிதரைக் கடவுளோடு இணைக்க அவரால் ஆகாது. ஆரியுவோடு அத்தனாசியு சமரசம் செய்யாததற்குக் காரணம் இதுவே.

அப்போலினாரியும் நாசியான் கிரகோரியும்

கிறித்துவின் இறைத்தன்மை உறுதியானதும் கேள்வி மறுபக்கம் திரும்பியது. சிரியாவின் லவோதிக்கேயா ஆயர் அப்போலினாரி, நைசியாவின் தீவிர ஆதரவாளர், அத்தனாசியுவின் நண்பர். ஒரே ஆளில் இரண்டு அறிவு மையங்கள் இருக்க இயலாது, மனித அறிவு பாவத்துக்குச் சாயக்கூடியது. எனவே இயேசுவில் மனித அறிவின் இடத்தில் இறைவாக்கே இருந்தது என்று அவர் முடிவு செய்தார். இயேசுவை உயர்த்த எண்ணி அவருடைய மனிதத்தன்மையைக் குறைத்துவிட்டார்.

இதற்கு நாசியான் கிரகோரி, மூப்பர் கிளெதோனியுவுக்கு எழுதிய கடிதத்தில் மறுமொழி தந்தார். கிறித்து எதைத் தமதாக ஏற்கவில்லையோ அது நலம் பெறவில்லை என்பது அவர் நிறுவிய நெறி. ஆதாமில் முதலில் விழுந்தது அறிவும் விருப்பமும்தான். அவற்றை ஏற்காத மீட்பர் மனிதரின் பாதியை மட்டுமே மீட்டிருப்பார். மருத்துவர் நோயுள்ள இடத்தைத் தொட்டே ஆக வேண்டும். 381ஆம் ஆண்டுச் சங்கம் அப்போலினாரியின் போதனையைத் தள்ளியது. மனிதரின் உடல், உணர்வு, அறிவு, அச்சம், முடிவெடுக்கத் தவிக்கும் மனம் ஆகிய அனைத்தும் இறைவனால் ஏற்கப்பட்டவை என்ற பேருண்மை இந்த விவாதத்தின் கொடை.

சிரிய மரபு: எப்ரேம்

கிரேக்கர் வரையறைகளில் சொன்னதைச் சிரிய மொழிக் கிறித்தவர்கள் பாட்டில் சொன்னார்கள். நிசிபி நகரில் வாழ்ந்த எப்ரேம், 363இல் அந்நகர் பாரசீகரிடம் ஒப்படைக்கப்பட்டபோது இடம்பெயர்ந்து எதெசா நகரில் குடியேறி, 373இல் இறந்தார். அவருடைய கிறித்து பிறப்புப் பாடல்கள் முரண்களை அடுக்கிச் செல்பவை. எல்லாருக்கும் உணவளிப்பவர் தாயிடம் பால் குடிக்கிறார். உலகு கொள்ளாதவர் மடியில் அடங்குகிறார். இறைவன் உடலை ஆடையாக உடுத்தினார், ஆதாம் இழந்த மாட்சியின் ஆடையை மனிதர் மீண்டும் உடுத்தும்படி அதைச் செய்தார் என்பது இம்மரபின் நிலையான உருவகம். கடவுளின் மறைபொருளைத் துருவி அளக்க முயல்வதை எப்ரேம் கண்டித்தார். வியப்பும் மௌனமும் புகழ்ச்சியுமே அதற்கு ஏற்ற வழிகள் என்று கருதினார்.

அந்தியோக்கியாவும் அலெக்சாந்திரியாவும்

ஐந்தாம் நூற்றாண்டில் இரண்டு பெரும் சிந்தனைப் பள்ளிகள் மோதின. தார்சு தியொதோர், மொப்சுவெஸ்தியா தெயொதோர் ஆகியோர் வளர்த்த அந்தியோக்கியப் பள்ளி, நற்செய்திகளின் வரலாற்று இயேசுவையும் அவருடைய முழுமையான மனிதத்தன்மையையும் காப்பதில் அக்கறை கொண்டது. இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் கலந்தால் இரண்டும் கெடும் என்று அது அஞ்சியது. அலெக்சாந்திரியப் பள்ளியோ, பிறந்தவரும் இறந்தவரும் இறைமகனே என்னும் ஒருமையைக் காப்பதில் உறுதியாக நின்றது.

428இல் கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயரான நெஸ்டோரியு, மரியாவைக் கடவுளின் தாய் என்று அழைப்பதை ஏற்கத் தயங்கி, கிறித்துவின் தாய் என்பதே பொருத்தம் என்றார். கடவுளின் தாய் என்பது மக்களின் வாயில் ஏற்கெனவே வழங்கிய இறைவேண்டல் சொல்; எனவே எதிர்ப்பு பெருகியது. அலெக்சாந்திரியாவின் சிரில், மரியா பெற்றது இறைவன் தங்கிய ஒரு மனிதரை அன்று, மனிதரான இறைவனையே என்று வாதிட்டார். 431 ஜூன் 22 அன்று, அந்தியோக்கியாவின் யோவானும் அவரோடு வந்த ஆயர்களும் சேரும் முன்பே சிரில் எபேசுச் சங்கத்தைத் தொடங்கி நெஸ்டோரியுவைப் பதவி நீக்கினார். பிந்தி வந்தவர்கள் தனியே கூடிச் சிரிலைப் பதவி நீக்கினர். பேரரசின் அழுத்தத்தில், 433இல் சிரிலும் யோவானும் ஓர் உடன்பாட்டு வாய்பாட்டை ஏற்றனர்: மரியா கடவுளின் தாய், கிறித்து தந்தையோடு இறைத்தன்மையிலும் நம்மோடு மனிதத்தன்மையிலும் ஒத்தவர்.

இந்த மோதலில் அரசியலும் நகரப் போட்டியும் தனிப்பகையும் கலந்திருந்தன. ஆயினும் இரு தரப்பும் காத்தது உண்மையின் ஒரு முக்கிய பகுதியை. நெஸ்டோரியு எகிப்துக்கு நாடு கடத்தப்பட்ட பின் எழுதிய தன்விளக்க நூல் சிரிய மொழிபெயர்ப்பில் கிடைத்து 1910இல் அச்சேறியது. அதைப் படித்த ஆய்வாளர் பலர், அவர் இரண்டு கிறித்துகளைப் போதித்தார் என்ற பழைய குற்றச்சாட்டை மறுபரிசீலனை செய்தனர்.

கால்செதோன்

கான்ஸ்டாண்டிநோபிளின் துறவுமடத் தலைவர் யூத்திக்கே, ஒன்றிணைந்த பின் கிறித்துவில் ஒரே இயல்பே உண்டு என்றார்; கிறித்துவின் உடல் நம்முடையதைப் போன்றது எனச் சொல்லத் தயங்கினார். 448இல் பேராயர் பிளாவியன் அவரைக் கண்டித்தார். 449இல் அலெக்சாந்திரியாவின் தியோஸ்கோரு தலைமையில் எபேசில் கூடிய மன்றம் யூத்திக்கேயை விடுவித்துப் பிளாவியனைப் பதவி நீக்கியது. உரோமையின் திருத்தந்தை லியோ அனுப்பியிருந்த விளக்கக் கடிதம் அங்கே வாசிக்கப்படவே இல்லை. அடுத்த ஆண்டு பேரரசர் இரண்டாம் தியொதோசியு குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். புதிய பேரரசர் மார்சியனும் அரசி புல்கேரியாவும் 451 அக்டோபரில் கால்செதோனில் பொதுச்சங்கத்தைக் கூட்டினர். அதுவரை கூடிய சங்கங்களில் இதுவே மிகப் பெரியது.

அதன் வரையறையின்படி கிறித்து ஒருவரே. இறைத்தன்மையிலும் நிறைவானவர், மனிதத்தன்மையிலும் நிறைவானவர். இரண்டு இயல்புகளும் ஒரே ஆளில் ஒன்றுசேர்கின்றன. அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை, மாறுவதில்லை, துண்டாவதுமில்லை, விலகுவதுமில்லை. முதல் இரண்டு மறுப்புகள் யூத்திக்கேயின் பக்கம் சாய்வதைத் தடுக்கின்றன. பின்னிரண்டும் நெஸ்டோரியுவின் பெயரால் அறியப்பட்ட பிளவைத் தடுக்கின்றன. இறைவனும் மனிதரும் எவ்வாறு ஒன்றாயினர் என்று இந்த வரையறை விளக்க முற்படவில்லை. எதைச் சொன்னால் நம்பிக்கை சிதையும் என்பதை மட்டும் அறுதியிட்டுக் கூறி, மறைபொருளை மறைபொருளாகவே விட்டது. அந்த அடக்கமே அதன் பெருமை.

பிரிவுகளும் தென்னிந்தியத் தொடர்பும்

கால்செதோன் அமைதியைக் கொண்டுவரவில்லை. எகிப்தின் கோப்து திருச்சபை, சிரிய ஆர்த்தடாக்சு, ஆர்மீனிய, எத்தியோப்பியத் திருச்சபைகள் இரண்டு இயல்புகள் என்னும் சொல்லாட்சியை ஏற்காமல், மனிதரான வாக்கின் ஒன்றிணைந்த இயல்பு என்னும் சிரிலின் மொழியையே பற்றி நின்றன. பாரசீகத்திலிருந்த கீழைத் திருச்சபை மொப்சுவெஸ்தியா தெயொதோரின் மரபில் நிலைத்து, ஆசியாவின் பல பகுதிகளில் பரவியது.

இந்தப் பிரிவுகளின் வரலாறு தென்னிந்தியாவையும் தொட்டது. மலபார்க் கரையின் தோமா கிறித்தவர்கள் பல நூற்றாண்டுகள் கீழைத் திருச்சபையின் ஆயர்களைப் பெற்றுச் சிரிய மொழியில் வழிபட்டனர். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்த்துக்கேயர் கண்டெடுத்த, பகலவி என்னும் பழம் பாரசீக எழுத்துகள் பொறித்த கற்சிலுவை அந்தப் பாரசீகத் தொடர்பின் சான்று. 1599இல் உதயம்பேரூரில் கூடிய ஆயர் மன்றம் நெஸ்டோரியுவை நினைவுகூரும் வழக்கத்தைத் தடைசெய்தது. 1653இல் மட்டாஞ்சேரியில் போர்த்துக்கேயரின் திருச்சபை அதிகாரத்தை மறுத்து எடுக்கப்பட்ட கூனன் சிலுவை உறுதிமொழிக்குப் பின் ஒரு பிரிவினர் சிரிய ஆர்த்தடாக்சு மரபோடு இணைந்தனர். ஐந்தாம் நூற்றாண்டில் பிரிந்த இரண்டு மரபுகளும் இவ்வாறு ஒரே சமூகத்தின் வரலாற்றில் இடம்பெற்றன.

இருபதாம் நூற்றாண்டில் புண்கள் ஆறத் தொடங்கின. 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கோப்து தலைவர் மூன்றாம் செனூதாவும், 1994இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் கீழை அசீரியத் திருச்சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் கூட்டறிக்கைகளில் கையெழுத்திட்டனர். கிறித்துவைப் பற்றிய நம்பிக்கை ஒன்றே, சொல்முறைகளே வேறுபட்டன என்று அவை ஏற்றன.

வழிபாட்டிலும் கலையிலும்

கிறித்து பிறப்பு விழா உரோமில் டிசம்பர் 25 அன்று கொண்டாடப்பட்டதற்கான 336ஆம் ஆண்டுச் சான்று, 354ஆம் ஆண்டின் காலக்குறிப்பு ஏட்டில் உள்ளது. கிழக்கில் ஜனவரி 6ஆம் நாளின் திருக்காட்சி விழாவில் பிறப்பும் திருமுழுக்கும் சேர்த்துக் கொண்டாடப்பட்டன. ஆர்மீனியர் இன்றும் அந்நாளையே பின்பற்றுகின்றனர். எபேசுச் சங்கத்துக்குப் பின் திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்து உரோமில் மரியாவின் பெயரால் எழுப்பிய பெருங்கோவிலில் இயேசுவின் குழந்தைப் பருவக் காட்சிகள் வண்ணக்கல் ஓவியங்களாகப் பதிக்கப்பட்டன. எட்டாம் நூற்றாண்டில் திருவுருவங்களை உடைக்கும் இயக்கம் எழுந்தபோது, தமாஸ்கு யோவான் மனுவுருவாதலையே மறுமொழியாக்கினார். உருவமற்ற கடவுளை வரைய முடியாது. ஆனால் அவர் காணத்தக்க மனிதரானதால் அந்த முகத்தை வரையலாம். 787இல் கூடிய இரண்டாம் நைசியாச் சங்கம் இதை ஏற்றது.

ஆய்வாளர் பார்வைகள்

இந்த நம்பிக்கை எப்போது, எவ்வாறு தோன்றியது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் அடோல்ஃப் ஃபொன் ஹார்னாக், எளிய நற்செய்தி கிரேக்கச் சிந்தனையின் பிடிக்குள் சென்று கோட்பாடானது என்றார். வில்ஹெல்ம் பூசெட் 1913இல், கிறித்துவை ஆண்டவராக வழிபடுவது கிரேக்கப் பண்பாட்டுச் சூழலில் உருவானது என்று எழுதினார். ஜேம்ஸ் டன் 1980இல், முன்னிருந்த இறைமகன் மனிதரானார் என்னும் முழுமையான கருத்து யோவான் நற்செய்தியிலேயே தெளிவாகிறது என்று வாதிட்டார். லாரி ஹர்ட்டாடோ 2003இல் வெளியிட்ட பெருநூலில், இயேசுவுக்கான வழிபாடு எருசலேமின் யூதக் கிறித்தவரிடையே மிகத் தொடக்கத்திலேயே வெடித்தெழுந்தது என்று காட்டினார். கோட்பாட்டின் சொற்கள் கிரேக்க மெய்யியலிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மாறாத கடவுள் துன்பத்துக்குள் வரமாட்டார் என்றது கிரேக்க மெய்யியல். ஆரியுவும் அப்போலினாரியும் அந்தக் கணக்குக்கு இணங்கிச் சென்றனர். பொதுச்சங்கங்கள் அதை மீறின.

வாழ்வில் விளைந்தது

மனுவுருவாதலை ஆழ்ந்து சிந்தித்தவர்களே ஏழைகளின் உடலைப் பற்றியும் அதே ஆழத்தோடு பேசினார்கள். 370இல் கப்பதோக்கியாவின் செசாரியா ஆயரான பேசில், நகருக்கு வெளியே நோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் தொழுநோயாளருக்கும் பெரிய இல்லம் ஒன்றை எழுப்பினார். தொழுநோயாளரைக் கண்டு முகம் திருப்பிக்கொண்ட மக்களிடம் நாசியான் கிரகோரி ஏழையன்பைப் பற்றி நெடிய மறையுரை ஆற்றினார். அவர்களும் நம்மைப் போலவே கடவுளின் சாயல், கிறித்துவும் அவர்களுக்காகவே இறந்தார் என்பது அவர் வாதம். கிளெதோனியுவுக்கு எழுதிய கடிதமும் இந்த மறையுரையும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. மனித இயல்பு முழுவதையும் இறைவன் ஏற்றார் என்றால், சமூகம் ஒதுக்கிவைக்கும் எந்த மனித உடலும் இழிவானதாக இருக்க முடியாது. நைசியாவிலும் கால்செதோனிலும் காக்கப்பட்ட நம்பிக்கையின் அளவுகோல், அதை அறிக்கையிடுவோர் நோயுற்றவரையும் ஏழையையும் எப்படி நடத்துகிறார்கள் என்பதே.